பழையதும் புதியதுமாக ஒரு பிரிட்டிஷ் நாடக சீசனை விமர்சிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு நாலு பத்தி எழுதுவது பலருக்கும் கைவரும். ஒரு அரங்கத்தின் சீசன் முழுவதையும் பார்த்து எழுதக் கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில், பெரும்பாலும் மூன்றாவது நாடகத்தோடு, நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு எழுத்து நன்றாகவே வரும். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்துவிடுவதுதான் சிக்கல். அதனால் இந்த வழிகாட்டியில் எதற்குப் பிறகு எது என்பதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

உதாரணம் முழுக்க ஒரே சீசனில் இருந்து வரும்: லண்டன் நேஷனல் தியேட்டர், 2024 இலையுதிர்காலம். நான்கு நாடகங்கள். பழையவை இரண்டு: ஷேக்ஸ்பியரின் 'கொரியலேனஸ்', ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. புதியவை இரண்டு: சோஃபக்ளிஸின் பழைய கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி'யை அடியொற்றி அலெக்சாண்டர் ஸெல்டின் எழுதிய 'தி அதர் பிளேஸ்', தனிகா குப்தா எழுதிய 'எ டப்பர்வேர் ஆஃப் ஆஷஸ்'.

1. முதலில் எல்லையைப் போடுங்கள்

ஒரு அரங்கம், மூன்று அல்லது நான்கு மாதம், நான்கில் இருந்து ஆறு நாடகங்கள். இதைத் தாண்டாதீர்கள். 'இந்த வருட லண்டன் நாடகங்கள்' என்று தொடங்கினால் எதை விட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே காலம் போய்விடும்.

ஒரே அரங்கம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே எந்த நாடகங்கள் ஒரே சீசனில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார், அந்த முடிவும் உங்கள் விமர்சனத்துக்கு உரிய விஷயம். மேலே சொன்ன சீசன், ரூஃபஸ் நோரிஸ் அந்த அரங்கத்துக்கே இயக்குநராக இருந்த காலத்தின் கடைசிப் பகுதி. 2025 வசந்தத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த இந்து ரூபசிங்கம் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள் என்பதால் நம் வாசகர்களுக்கு இனி வரும் சீசன்களில் கூடுதல் ஆர்வம் இருக்கும். அதில் தவறே இல்லை. ஆனால் விமர்சனம் முழுவதையும் அந்த ஒரு செய்தியைச் சுற்றியே எழுதிவிட வேண்டாம், அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

பழையதும் புதியதும் கிட்டத்தட்ட சமமாக இருக்கட்டும். ஐந்து பழையது, ஒன்று புதியது என்றால் அந்த ஒன்று ஒட்டாமல் தனியாக நிற்கும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பணத்தை முதலிலேயே கணக்குப் போடுங்கள், ஒவ்வொரு டிக்கெட்டாக யோசித்தால் கடைசி நாடகத்துக்குக் காசு இருக்காது. மலிவான வழிகள் உண்டு. நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை தோறும் அடுத்த வாரக் காட்சிகளுக்குக் குறைந்த விலை டிக்கெட் விடுகிறார்கள். ராயல் கோர்ட் அரங்கில் திங்கட்கிழமை விலை குறைவு. ஷேக்ஸ்பியர்ஸ் குளோபில் நின்று பார்க்கும் முற்றத்துக்குச் சில பவுண்டுகள் போதும், ஆனால் அங்கே தரையில் உட்கார விடமாட்டார்கள், மழை வந்தாலும் குடை விரிக்கக் கூடாது.

அடுத்தது ஒரு நாள்காட்டி. மேலே சொன்ன நான்கில் மூன்று அக்டோபரில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன, 'எர்னஸ்ட்' நவம்பர் பின்பாதியில்தான் வந்தது. இதை முன்பே குறித்து வைத்தால் மூன்றை இரண்டு மூன்று வாரத்துக்குள் பார்த்துவிடலாம். அப்படி நெருக்கமாகப் பார்ப்பதால் ஒரு நாடகத்தின் ஞாபகம் சூடாக இருக்கும்போதே அடுத்தது வந்து அதோடு உரசும். சீசன் விமர்சனத்துக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் இந்த உரசலில் இருந்துதான் கிடைக்கும்.

மூன்றாவது, கெட்டி அட்டை போட்ட சின்ன நோட்டும் பென்சிலும். பேனா இருட்டில் எழுதுகிறதா இல்லையா என்று தெரியாது. போன் வேண்டவே வேண்டாம், அதன் வெளிச்சம் பத்து பேர் கண்ணில் அடிக்கும்.

3. எந்த நாளில் பார்ப்பது

பிரிட்டனில் ஒரு நாடகம் மேடைக்கு வந்ததும் முதல் சில நாட்கள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் கூட, பிரிவியூ என்று ஓடும். பார்வையாளர்கள் காசு கொடுத்துத்தான் வருவார்கள். ஆனால் காட்சிகளை வெட்டுவது, ஒளியை மாற்றுவது, வேகத்தைக் கூட்டுவது எல்லாம் அப்போதும் நடந்துகொண்டிருக்கும். அதன் பிறகு வருவது பிரஸ் நைட். பத்திரிகை விமர்சகர்கள் அன்றுதான் அழைக்கப்படுவார்கள். அதுவரை விமர்சனம் எழுதுவதில்லை என்பது எழுதப்படாத ஒப்பந்தம்.

இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2015-ல் பார்பிகன் அரங்கில் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்த 'ஹாம்லெட்' வந்தபோது, இருப்பதா இறப்பதா என்ற அந்தப் புகழ்பெற்ற தனிமொழியை நாடகத்தின் தொடக்கத்திலேயே வைத்திருந்தார்கள். முதல் பிரிவியூவை வைத்தே அதைத் திட்டி விமர்சனங்கள் வந்தன. பிரஸ் நைட் வருவதற்குள் அந்தத் தனிமொழி தொடக்கத்தில் இருந்து நகர்த்தப்பட்டுவிட்டது. முந்திக்கொண்டு எழுதியவர்கள் விமர்சித்தது இல்லாமல் போன ஒரு நாடகத்தை.

பிரிவியூ டிக்கெட் விலை குறைவு என்பதால் அதற்குத்தான் போக முடிகிறது என்றால் போங்கள். பிரஸ் நைட் முடியும்வரை எதையும் வெளியிடாதீர்கள், பார்த்தது பிரிவியூ என்பதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

4. பழைய நாடகத்தை முன்பே வாசியுங்கள், புதியதைப் பார்த்த பிறகு வாசியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி தயாராவார்கள், பல சமயம் தலைகீழாக. ஷேக்ஸ்பியர் கடினம் என்று வாசிக்காமல் போவார்கள், புதிய நாடகம் தெரியாததாக இருக்கிறதே என்று அதைப் பற்றிய எல்லாவற்றையும் தேடிப் படித்துவிட்டுப் போவார்கள்.

பழைய நாடகத்தில் கதை என்பது செய்தியே கிடையாது. இந்த முறை என்ன செய்திருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. பிரதி தெரியாமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' 1608-ல் அச்சான பிரதியிலும் 1623-ல் வந்த அவருடைய நாடகத் தொகுப்பிலும் இரண்டு விதமாக இருக்கிறது. லியர் தன் மகள்களை மனதுக்குள் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் போலி நீதிமன்றக் காட்சி முதலாவதில் மட்டும்தான் உண்டு. ஒரு தயாரிப்பில் அந்தக் காட்சி இல்லை என்றால் இயக்குநர் எதைப் பின்பற்றினார் என்று கேட்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் 'முக்கியமான காட்சியைக் கடித்துத் துப்பிவிட்டார்கள்' என்று எழுதுவது அநியாயம்.

வைல்டுக்கும் இதுதான். 2024 'எர்னஸ்ட்' தயாரிப்பில் திரை விலகும்போது அல்ஜெர்னனாக நடித்த ஷுட்டி கட்வா பளீரென்ற இளஞ்சிவப்பு கவுனில் பெரிய பியானோ முன்னால் இருந்தார். பிரதியை வாசிக்காமல் போனவர் இதை மொத்தமும் இயக்குநர் மாக்ஸ் வெப்ஸ்டரின் கற்பனை என்று எழுதிவிடுவார். வாசித்தவருக்குத் தெரியும், வைல்டின் முதல் மேடைக்குறிப்பிலேயே பக்கத்து அறையில் இருந்து பியானோ சத்தம் கேட்கிறது. பியானோ 1895-ல் இருந்தே இருப்பது, அதை முன்னுக்குக் கொண்டுவந்து கவுனும் மாட்டிவிட்டது 2024. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்தால் தயாரிப்பு முழுவதையும் பற்றிப் பேசுவதற்கு நூல் கிடைத்துவிடும்: ஒளித்து வைத்ததை வெளியே கொண்டுவருகிறார்கள்.

புதிய நாடகத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போங்கள். எழுதியவர், இயக்கியவர், எவ்வளவு நேரம், இடைவேளை உண்டா, அவ்வளவு போதும். அரங்கில் இருக்கும் எவருக்கும் அடுத்து என்ன என்று தெரியாத நிலையில் நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால், ஒரு திருப்பம் வேலை செய்ததா என்று உங்களால் சொல்லவே முடியாது.

பார்த்து முடித்ததும் வெளியே வந்து பிரதியை வாங்குங்கள். ராயல் கோர்ட் போன்ற இடங்களில் நாடகப் பிரதி அரங்கிலேயே புத்தகமாக விற்கும். வாசிக்கும்போது சில சந்தேகங்கள் தீரும். உதாரணமாக இரண்டு பேர் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசியதை நடிகர்களின் அவசரம் என்று குறித்திருப்பீர்கள். பிரதியில் அந்த இடத்தில் ஒரு சாய்கோடு இருக்கும். அடுத்தவர் இங்கே இருந்து பேசத் தொடங்க வேண்டும் என்று எழுத்தாளரே போட்ட குறி அது. கேரில் சர்ச்சில் 1982-ல் 'டாப் கேர்ள்ஸ்' நாடகத்தில் இப்படி எழுதினார், இன்று பல பிரிட்டிஷ் நாடகாசிரியர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் புத்தகம் ஒத்திகை முடியும் முன்பே அச்சுக்குப் போயிருக்கும், மேடையில் சொன்னது மாறியிருக்கலாம். உள்ளேயே அப்படிக் குறிப்பும் போட்டிருப்பார்கள். அதனால் வசனத்தை மேற்கோள் காட்டும்போது நோட்டில் எழுதியதையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வசனத்தை விட்டுவிட்டு அதன் பொருளை மட்டும் சொல்லுங்கள்.

5. அரங்குக்குள்

எந்த இருக்கை என்று எழுதி வையுங்கள். நேஷனல் தியேட்டரின் ஒலிவியர் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம், டார்ஃப்மனில் நானூறு சொச்சம். 'கொரியலேனஸ்' ஒலிவியரில், 'டப்பர்வேர்' டார்ஃப்மனில். மேல் வரிசையில் இருந்து பார்த்துவிட்டு 'முகபாவம் சரியாக இல்லை' என்று எழுதினால் அது நடிகரைப் பற்றிய செய்தியா உங்கள் டிக்கெட்டைப் பற்றிய செய்தியா?

கதையைக் குறிக்காதீர்கள், அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பக் கிடைக்காததைக் குறியுங்கள். யார் எங்கே நின்றார், வெளிச்சம் எப்போது மாறியது, எந்த இடத்தில் சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எந்த வசனத்துக்குப் பிறகு ஆயிரம் பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு சொல் போதும். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால் நாடகம் தலைக்கு மேல் போய்விடும்.

இடைவேளையில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இப்போது எனக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது? ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். இரண்டாம் பாதி முடிந்த பிறகு இந்த உணர்வு எவ்வளவு முயன்றாலும் திரும்ப வராது.

நேரில் போக முடியாதவர்கள் திரையரங்குகளில் வரும் நேஷனல் தியேட்டர் லைவ், அல்லது 2020 டிசம்பரில் தொடங்கிய நேஷனல் தியேட்டர் அட் ஹோம் வழியாகப் பார்த்து எழுதலாம். அதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அங்கே எதைப் பார்ப்பது என்பதைக் கேமரா தீர்மானிக்கிறது. பேசாமல் நிற்கும் நடிகர் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் மேடையின் மொத்த அமைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் இருங்கள்.

6. அன்றிரவே முந்நூறு சொல்

வீட்டுக்கு வந்ததும், தூக்கம் வந்தாலும், முந்நூறு சொல் எழுதிவிடுங்கள். அழகாக இருக்க வேண்டாம், வரிசையாகவும் இருக்க வேண்டாம். மற்ற விமர்சனங்களை இதற்கு முன் படிக்காதீர்கள். ஒன்றைப் படித்துவிட்டால் அவர்களுடைய சொற்கள் உங்களுடையவை போலவே மனதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தெடுக்க முடியாது.

நட்சத்திரம் போடுவதாக இருந்தால் அதை இப்போது போடாதீர்கள், சீசன் முடியட்டும். முதல் நாடகத்துக்கு ஐந்து கொடுத்துவிட்டு நான்காவது அதைவிட நன்றாக இருந்ததால் தவித்தவர்கள் நிறைய.

7. யார் செய்த வேலை என்று பிரித்துப் பாருங்கள்

மறுநாள் அந்த முந்நூறு சொல்லை எடுத்து ஒவ்வொரு பாராட்டுக்கும் குறைக்கும் பக்கத்தில் ஒரு பெயரை எழுதுங்கள்: எழுத்தாளரா, இயக்குநரா, மேடை வடிவமைப்பாளரா, ஒளியமைப்பாளரா, நடிகரா. நான் பார்த்த புதியவர்களின் கட்டுரைகளில் அதிகம் தட்டுப்படும் பிழை இந்த இடத்தில்தான். 'கதை அருமை' என்று 'கொரியலேனஸ்' விமர்சனத்தில் எழுதுவார்கள். பாராட்டு நானூறு வருடம் தாமதமாகப் போய்ச் சேருகிறது. ரோமை ஒரு அருங்காட்சியகம் போலக் காட்டிய மேடையை அமைத்த எஸ் டெவ்லினின் பெயர் எங்கேயும் இருக்காது.

தலைகீழாகவும் நடக்கும். 'டப்பர்வேர்' நாடகத்தில் மீரா சியால் நடித்த குவீனி, தானே உணவகம் நடத்தி வளர்ந்த வங்காளித் தாய், மூன்று பிள்ளைகள், அல்சைமர் நோய் கொஞ்சம் கொஞ்சமாக அவரை எடுத்துக்கொண்டு போகிறது. நடிப்பு அழ வைக்கிறது என்று நிறுத்திவிடுவது எளிது. அந்த நடிப்புக்கு இடம் கொடுத்தது தனிகா குப்தா எழுதிய காட்சி வரிசையா, பூஜா கய் இயக்கியதில் அடுத்தடுத்த காட்சிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த விதமா என்று கேளுங்கள். ஒரு வசனத்தை வெறுமனே வாசித்தாலே கனமாக இருந்தால் பெரும் பங்கு எழுத்தாளருக்கு. வாசிக்கும்போது சாதாரணமாக இருந்து மேடையில் மட்டும் கனத்திருந்தால் மற்றவர்களைத் தேடுங்கள். பிரதியைப் பிறகு வாசிக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

பழைய நாடகத்தைப் புதிதாக எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். இதே குப்தா 2019-ல் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்குக்காக இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தை 1879-ன் கல்கத்தாவுக்கு மாற்றி எழுதினார். அங்கே பாதி பழையது, பாதி புதியது. மூலத்தை முன்பே வாசியுங்கள், தழுவலைப் பார்த்த பிறகு வாசியுங்கள். 'தி அதர் பிளேஸ்' நாடகத்துக்கும் இதுதான்: சோஃபக்ளிஸை முதலில், ஸெல்டினைப் பிறகு.

8. ஒவ்வொரு நாடகத்துக்கும் தனி விமர்சனம்

ஐந்நூறில் இருந்து அறுநூறு சொல் போதும். நீங்கள் பார்த்த ஒரு காட்சியில் தொடங்குங்கள், நாடகாசிரியரின் பிறப்பு வளர்ப்பில் வேண்டாம். அப்புறம் கதையின் ஆரம்பச் சிக்கல், இரண்டு மூன்று வரியில். அதன் பிறகு உங்கள் வாதம்.

கதை முடிவைச் சொல்லலாமா? புதிய நாடகத்தில் இடைவேளையைத் தாண்டாதீர்கள். பழையதில் சொல்லலாம் என்பது ஆங்கில விமர்சகர்களின் வழக்கம், ஆனால் தமிழில் படிப்பவருக்குக் 'கொரியலேனஸ்' புதுக் கதையாகவே இருக்கக்கூடும். நான் அதையும் புதியது போலவே நடத்துகிறேன்.

பெயர்களைத் தமிழில் எழுதும் முன் அவர்களே சொல்லிக்கொள்வதைக் காதால் கேளுங்கள். எழுத்தைப் பார்த்து யூகித்தால் பாதி தப்பு. வசனங்களை மொழிபெயர்க்கும்போது நடிகர் சொன்ன வேகத்தில் தமிழிலும் சொல்ல முடிகிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் பொருளைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

9. சீசனைக் கோர்ப்பது

எல்லா நாடகமும் முடிந்த பிறகுதான் இந்த வேலை. முதல் நாளே ஒரு கருப்பொருளை வைத்துக்கொண்டால் மீதி நாடகங்களில் அதை மட்டுமே பார்ப்பீர்கள்.

நோட்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றுக்கு மேற்பட்ட நாடகத்தில் வரும் பொருட்களையும் செயல்களையும் தேடுங்கள். அதிகாரம், அடையாளம் மாதிரியான பெரிய சொற்களை இப்போது தொடாதீர்கள், அவை எந்த சீசனுக்கும் பொருந்திவிடும். எனக்கு முதலில் கண்ணில் பட்டது தாய்மார்கள்: கொரியலேனஸின் தாய் வொலம்னியா, குவீனி, 'எர்னஸ்ட்' நாடகத்தின் லேடி பிராக்னெல். நல்ல சரடு என்று தோன்றியது. ஆனால் 'தி அதர் பிளேஸ்' அதில் உட்காரவில்லை, இழுத்துத்தான் ஒட்ட வேண்டியிருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது முறை பார்த்தபோது கிடைத்தது சாம்பல். 'டப்பர்வேர்' நாடகத்தின் தலைப்பிலேயே சாம்பல் இருக்கிறது. 'தி அதர் பிளேஸ்' நாடகத்தில் இறந்துபோன தந்தையின் சாம்பலை என்ன செய்வது என்பதுதான் சண்டை. அண்ணனைப் புதைக்கப் போராடும் ஆன்டிகனியின் கதை இன்றைய ஒரு வீட்டுக்குள் வந்தால் அப்படித்தான் ஆகும். 'கொரியலேனஸ்' பிரதியில் கடைசிக் குறிப்பு, கொன்றவர்களே உடலைச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்பது. 'எர்னஸ்ட்'? அதன் இரண்டாம் அங்கத்தில் ஜாக், பிறக்கவே பிறக்காத ஒரு தம்பி செத்துவிட்டான் என்று முழுக் கறுப்பு உடையில் துக்கம் கொண்டாடிக்கொண்டு வருகிறான். இறந்தவருக்கு உயிரோடு இருப்பவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வி மூன்று நாடகங்களில் வலியோடும் ஒன்றில் சிரிப்போடும் வந்திருக்கிறது.

சரடு கிடைத்ததும் சோதித்துப் பாருங்கள். அதை வைத்து ஒவ்வொரு தயாரிப்பைப் பற்றியும் முன்பு சொல்லாத ஒன்றைச் சொல்ல முடிகிறதா? என் சரடில் முதல் மூன்றுக்கு முடிந்தது, 'எர்னஸ்ட்' லேசாகத்தான் தொட்டது. அதை அப்படியே எழுதினேன், பலமாகப் பொருந்துவது போல் காட்டவில்லை. அரங்கம் இதைத் திட்டமிட்டது என்றும் எழுதாதீர்கள், நீங்கள் பார்த்தது என்று எழுதுங்கள்.

சீசன் கட்டுரையில் நாடகங்களைப் பார்த்த தேதி வரிசையில் அடுக்காதீர்கள். இரண்டிரண்டாக மோத விடுங்கள். சாம்பல் பற்றிய இரண்டு புதிய நாடகங்களும் ஒரு பத்தியில் வந்தால் ஸெல்டினின் இறுக்கமும் குப்தாவின் நகைச்சுவையும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

10. வெளியிடும் முன்

பெயர், அரங்கம், தேதி, ஓடும் நேரம் நான்கையும் நிகழ்ச்சிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மாற்று நடிகர் நடித்த இரவு என்றால் அவர் பெயரைத்தான் போட வேண்டும், வாசலில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து வைத்தால் இது தப்பாது.

புரியாத புதிய நாடகத்துக்குத் தனியாக ஒரு வேலை உண்டு. ஹெரால்ட் பின்டரின் 'தி பர்த்டே பார்ட்டி' 1958-ல் லண்டனில் வந்தபோது தினசரிகள் அடித்து நொறுக்கின, ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டது. விமர்சகர் ஹெரால்ட் ஹாப்சன் அதைப் போற்றி எழுதிய விமர்சனம் ஞாயிறன்று அச்சில் வந்தபோது நாடகம் முதல் நாளே முடிந்துபோயிருந்தது. சாரா கேனின் 'பிளாஸ்டட்' 1995-ல் ராயல் கோர்ட்டின் சிறிய மாடி அரங்கில் வந்தபோதும் திட்டித் தீர்த்தார்கள், அப்படித் திட்டியவர்களில் சிலர் பின்னாளில் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். அதனால் எங்கே உங்களுக்குப் பிடிபடவில்லையோ அங்கே தீர்ப்பைச் சுருக்கி, மேடையில் நடந்ததை விரிவாக எழுதுங்கள். நீங்கள் தவறாக மதிப்பிட்டிருந்தாலும் அந்த வர்ணனையை வைத்து வாசகர் தானாக ஒரு முடிவுக்கு வர முடியும்.

கடைசியாக, கட்டுரை வெளியான பிறகும் அந்த நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அதே நாடகம் ஐந்து வருடம் கழித்து வேறு ஒருவர் இயக்கத்தில் வரும்போது உங்களிடம் ஒப்பிட ஒரு முழு இரவு இருக்கும்.